வெள்ளைக்குப் பட்ட பாடு: ஒரு ரேந்தை மேசைவிரிப்பின் கதை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், பிஸ்கட் தகர டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா வந்து உட்கார்ந்தார். நாகர்கோவிலில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டப்பாவுக்குள் நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துத் திணித்த ஒரு மேசைவிரிப்பு. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "கேக் வைக்கிற மேசையில இதத்தான் விரிக்கணும்னு சித்தி ஒத்தக்கால்ல நிக்காங்க. மால்ட் அம்மா காலத்துத் துணியாம். எப்படியாவது வெள்ளையாக்கிக் குடுத்துருங்க" என்றார். மால்ட் அம்மா என்றால், நாகர்கோவிலில் லேஸ் பின்னலைத் தொடங்கி வைத்த அந்தக் கால மிஷனரி அம்மா.

நான் தையல் ஆசிரியையாக இருந்தவள். பழைய துணிகளைச் சீர்செய்வது பிறகு ஒட்டிக்கொண்ட வேலை. எந்தத் துணியையும் வெள்ளையாக்கித் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஒரு வாரம் பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அந்த ஒரு வாரம் இரண்டரை மாதம் ஆனது. என்னவெல்லாம் செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதை எழுதி வைத்திருந்த நோட்டிலிருந்து இதைச் சொல்கிறேன்.

வந்த நிலை

சுத்தமான பாலித்தீன் விரித்த கட்டிலில் பிரித்துப் போட்டேன். ரேந்தையையும் சேர்த்து 182 செ.மீ. நீளம், 136 செ.மீ. அகலம். நடுவில் கெட்டியான நெசவுத் துணி. ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, நூல்களை உருவி எடுத்துவிட்டு மீதியைக் கட்டுக் கட்டாகத் தைத்துச் சன்னல் போல் ஆக்கிய ஒரு பட்டை. நான்கு மூலையிலும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூத்தையல். சுற்றிலும் ஏழு செ.மீ. அகலத்துக்கு ரேந்தை.

ரேந்தை என்பது லேஸுக்கு எங்கள் பக்கத்துப் பழைய சொல். போர்த்துக்கீசிய 'ரெந்தா' கடற்கரையில் இறங்கி அப்படியே தமிழாகிவிட்டது. இலங்கைத் தமிழில் றேந்தை, சிங்களத்தில் ரேந்த. காலி, வெலிகம பக்கத்தில் பெண்கள் பீரளுக் கட்டைகளை வைத்து இன்றும் இதே வகைப் பின்னலைப் பின்னுகிறார்கள். பிள்ளைகள் இப்போது லேஸ் என்றுதான் சொல்கின்றன. சரி, அது கிடக்கட்டும்.

நிறம் என்று பார்த்தால், முழுக்க டிகாஷன் தெளித்தது போல் மங்கிய பழுப்பு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக அடர் பழுப்பு. ஒரு பக்கத்தில் டப்பாவின் அடிவட்டம் அப்படியே துருவாக அச்சாகியிருந்தது. அந்த வட்டத்தின் ஒரு பாதியில் துணி திடீரென்று கண்கூசும் வெள்ளை, அதன் நடுவில் பட்டாணி அளவில் மூன்று ஓட்டைகள். அங்கங்கே மெழுகுவர்த்திச் சொட்டு. ஒரு மஞ்சள் கறை, மீன்குழம்பாகத்தான் இருக்கும். இது போக, துணி முழுக்கக் குண்டூசித் தலை அளவில் துருப்புள்ளிகள். பூத்தையல் பக்கத்தில் கஞ்சி கெட்டியாக இருந்த இடங்களை ராமபாணப் பூச்சி மேய்ந்திருந்தது.

டப்பாவில் அந்துருண்டை நிறையக் கிடந்தது. அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். துணியைத் தின்னும் அந்துப்பூச்சிக்குக் கம்பளியும் பட்டும்தான் சாப்பாடு. பருத்தியையும் லினனையும் அது சீந்தாது. ராமபாணம் வருவது கஞ்சிக்காக. கஞ்சியோடு மடித்து வைத்துவிட்டு அந்துருண்டை போடுவது, வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலுக்குப் பூட்டுப் போடுவதுதான்.

கறை, கிழிசல் ஒவ்வொன்றையும் கிராஃப் தாளில் வரைந்து எண் போட்டேன். மொத்தம் 41.

என்ன துணி, யார் கை

துணி என்னவென்று தெரியாமல் தண்ணீரில் போடக்கூடாது. உள்மடிப்பிலிருந்து அரை அங்குல நூல் ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒரு நாரை உரித்து நனைத்து, நுனி என்னைப் பார்க்கும்படி பிடித்துக் காயவிட்டேன். ஆளி நாராக இருந்தால் காயும்போது கடிகார முள் போகும் திசையில் திரும்பும். பருத்திக்கு அப்படி ஒரே திசைப் பழக்கம் கிடையாது. இது திரும்பியது. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது மூங்கில் கணு போல முட்டு முட்டாகத் தெரிந்தது. ஆக நடுத்துணி ஆளி நாரில் நெய்த லினன். ரேந்தை நூல் பருத்தி. லினன் இந்தப் பக்கத்தில் நெய்ததாக இருக்க வழியில்லை, கப்பலில் வந்திருக்க வேண்டும்.

பின்பக்கம் ஒரு மூலையில் சிவப்பு நூலில் குறுக்குத் தையலால் '4' என்று ஓர் எண். ஐரோப்பிய வீடுகளில் மேசைவிரிப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் செட்டாக இருக்கும். சலவைக்குப் போய்த் திரும்பும்போது கலந்துவிடாமல் இருக்க எழுத்தும் எண்ணும் தைத்து வைப்பது அங்கே வழக்கம். அந்த '4'-க்குப் பக்கத்திலேயே கன்னங்கரேல் என்று இரண்டு கோடும் ஒரு புள்ளியும். அது நம்ம ஊர் எண்: சேங்கொட்டைப் பாலில் போட்ட வண்ணார் குறி. சேங்கொட்டைக் கறை எதற்கும் மசியாது, துணி மக்கினாலும் குறி நிற்கும். இரண்டு ஊர்ச் சலவைக் கணக்கும் ஒரே மூலையில் இருந்ததைப் பார்த்து, கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அடுத்து ரேந்தை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தால் இது திண்டு ரேந்தை என்பது உடனே தெரிந்துவிடும். வைக்கோல் திணித்த திண்டின் மேல், கோலப்புள்ளி போலக் குத்திய அட்டையை வைப்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி நட்டு, கட்டைகளில் சுற்றிய நூல்களை ஊசிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போவார்கள். கைக்கு இரண்டே அசைவுதான்: குறுக்கே போடு, முறுக்கு. எத்தனை சிக்கலான பூவும் இந்த இரண்டிலிருந்து வருவதுதான். கொக்கியூசியால் பின்னும் குரோஷாவில் ஒரே நூல் வளையம் வளையமாகப் போகும். இதிலோ நூல்கள் பாயில் கோரை ஓடுவதுபோல மேலும் கீழுமாகப் போகும்.

இந்த ரேந்தையில் வலைப்பின்னலுக்குப் பதிலாகச் சடைகள் ஓடின. சடைகள் சந்திக்கும் இடங்களில் கோதுமை மணி போலப் புடைத்த சிறு இலைகள். இப்படிச் சடையும் இலையுமாக வரும் பாணி மால்டா தீவு ரேந்தையிலிருந்து வந்தது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் மால்டா ரேந்தை பேர் வாங்கிய பிறகு, இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷர் பக்கத்துப் பின்னல்காரிகள் அதைப் பார்த்துத் தங்கள் கோலங்களை மாற்றிக்கொண்டார்கள். அதனால் இந்தக் கோலம் நம் பக்கம் வந்ததும் அதற்கு அப்புறமாகத்தான் இருக்க வேண்டும்.

'மால்ட் அம்மா காலத்துத் துணி' என்ற பேச்சு இங்கேதான் இடறுகிறது. மார்த்தா மால்ட், கணவர் சார்லஸ் மால்ட்டோடு லண்டன் மிஷனரி சங்கத்தின் வேலையாக நாகர்கோவிலுக்கு வந்தது 1819இல். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இன்று டதி பள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். ஓரிரு வருடத்திலேயே படிப்போடு ரேந்தைப் பின்னலும் சேர்ந்தது. பின்னியதை வெள்ளைக்காரக் குடும்பங்கள் வாங்கின. கிடைத்த கூலி அந்தப் பெண்களின் கைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னால் அடிமைகளாக இருந்த சில பெண்கள் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்களையே மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திண்டும் கட்டைகளும் அவரோடு தேரிக்காட்டுக்குப் போயின. அம்மாவோ 1850களின் நடுவில் நாகர்கோவிலை விட்டுப் போய்விட்டார். 1851க்குப் பிறகு சீமையில் எழும்பிய பாணி இங்கே வந்து, பழகி, ஒரு பெரிய விரிப்பாக முடிய அவர் காலத்தில் நேரமே கிடையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையாரின் கன்னியர் மடத்திலும் ரேந்தை வேலை நடந்தது. ஃபிளாண்டர்ஸ் பின்னலுக்குப் பேர்போன ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஆக, குமரிப் பக்கம் கிடைக்கும் பழைய ரேந்தையை எல்லாம் ஒரே அம்மாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. என் கணிப்பில் இந்தத் துணி 1900க்கு முன்பின்.

இதோடு இரண்டு விசித்திரங்கள். ஒரு நீளப் பக்கத்தில் 58 செ.மீ. ரேந்தை மட்டும் வேறு. தூரத்தில் அதே கோலம்தான். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு இலையும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றே. ஊசி நட்ட இடத்தில் கைக்கே உரிய அந்தச் சின்ன அசைவு இல்லை. 1800களின் கடைசியில் ஜெர்மனியின் பார்மென் நகரப் பெயரில் வந்த இயந்திரம் பின்னிய ரேந்தை அது. பிந்தைய ஒட்டு. அது மட்டும் பிற்பாடு சுருங்கி, துணியை அந்தப் பக்கம் கொசுவம் பிடித்து இழுத்திருந்தது.

இரண்டாவது, மூன்றாம் மூலை. மற்ற மூன்று மூலையிலும் ஐந்து இலைப் பூ ஒன்று திரும்பி நிற்கிறது. இந்த மூலையில் ஆறு இலை. ஆறாவதற்கு இடம் இல்லாமல் சடை ஒன்று மடங்கிப் போயிருக்கிறது. பின்னியவர் கணக்குத் தப்பியிருக்கிறார். பிரிக்காமல் விட்டுமிருக்கிறார். இவ்வளவு சுத்தமான கை ஏன் அதைப் பிரிக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

சித்தி வந்தது

இரண்டாவது வாரம் அக்கா சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். 86 வயது. கண் கொஞ்சம் மங்கல், நாக்கு மங்கவில்லை. என் கணிப்பைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சித்தி கேட்டுவிட்டு, "மால்ட் அம்மா பின்னினான்னு நான் எப்பம் சொன்னேன்? அந்த அம்மா தொடங்கி வச்ச வேலைன்னுல்லா சொன்னேன். இது எங்க அம்மைக்க அம்மை பின்னினதாக்கும்" என்றார்.

நான் மூன்றாம் மூலையை அவர் விரலடியில் வைத்தேன். தடவிப் பார்த்துச் சிரித்தார். "மக்ளே, இது கழிச்சுப் போட்ட துணி. இந்த மூலைக்காகத்தான் கழிச்சது."

பின்னல் வேலை செய்த வீடுகளில் ரேந்தை இருக்காதாம். பின்னுவதெல்லாம் பங்களாவுக்குப் போய், அங்கிருந்து விற்பனைக்குப் போய்விடும். ஒரு செட்டாக விரிப்புகள் கேட்டு வந்த ஆர்டரில் இந்த ஒன்று மட்டும் கணக்குத் தப்பிவிட்டது. முழுக்கத் தைத்து, எண்ணும் போட்ட பிறகுதான் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நூலுக்கும் துணிக்கும் கூலியில் பிடித்துக்கொண்டு பாட்டியிடமே கொடுத்துவிட்டார்கள். "கட்டைச் சத்தம் கேட்டுத்தான் நாங்க ஒறங்குவோம்னு அம்மை சொல்லும். ராத்திரி சிம்னி வெளக்குல கடகட கடகடன்னு."

என் நோட்டில் அதுவரை 'பிழை' என்று எழுதியிருந்த இடத்தில், இந்தத் துணி அந்த வீட்டில் தங்கியதற்கான காரணம் என்று திருத்தி எழுதினேன்.

சலவையையும் சித்தியிடமே கேட்டேன். வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்மஸ் முடிந்ததும் வெள்ளாவிக்குப் போகுமாம். உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, பானைக்கு மேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, காலையில் அலசிப் புல்லில் காயப்போடுவது. வெள்ளாவி என்றால் துணி நைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கல்லில் ஓங்கி அடிப்பது நைக்கத்தான் செய்யும், அதுவும் ரேந்தையை. உவர்மண்ணின் காரத்தைப் பருத்தியும் லினனும் ஓரளவுக்குத் தாங்கிவிடும். அவற்றுக்கு ஆகாதது அமிலமும் குளோரினும்.

அப்புறம்தான் அந்தக் கண்கூசும் வெள்ளையின் கதை வந்தது. போன வருடம் டப்பா வட்டத்தைப் பார்த்துப் பயந்து, டவுனில் ஒரு சலவைக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் துருவின் மேல் பிளீச்சிங் திரவத்தை நேராக ஊற்றிவிட்டார்கள். துரு என்பது இரும்பு, பிளீச்சுக்கு அது கரையாது. நாரை வெட்டும் வேலையைத்தான் பிளீச் செய்யும், பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். மூன்று ஓட்டையும் வந்த வழி அது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளையா வந்துச்சேன்னு நானும் சந்தோசப்பட்டேன்" என்றார். பத்து நாள் கழித்து மடிப்பை எடுத்தபோதுதான் துணி விரலோடு வந்ததாம்.

தண்ணீரில் இறக்கியது

முதல் கவலை தண்ணீர். எங்கள் பக்கம் செம்மண்ணும் செங்கல்லும். கிணற்று நீரில் இரும்பு உண்டு. துருவை எடுக்கப் போய் இரும்புத் தண்ணீரில் அலசினால் அதைவிடக் கேலிக்கூத்து கிடையாது. முதல் அலசலுக்குப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர், கடைசி அலசல்களுக்கு ஆர்.ஓ. கேன். மொத்தம் 14 கேன் ஆனது.

நனைந்த லினனுக்கு நல்ல பலம் உண்டு. ஆனால் மக்கிய லினன் தான் குடித்த தண்ணீரின் எடையையே தாங்காது. அதனால் கொசுவலை நைலானைச் சட்டத்தில் கட்டி, விரிப்பை அதன் மேல் கிடத்தி, சட்டத்தோடு தொட்டியில் இறக்கினேன். மொட்டைமாடியில் தார்ப்பாயையும் செங்கலையும் வைத்துக் கட்டிய தொட்டி.

அரை மணி நேரத்தில் தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. சோப்பு எதுவும் போடவில்லை, வெறும் தண்ணீர்தான். பழைய செல்லுலோஸ் காற்றிலும் வெளிச்சத்திலும் சிதைந்து உண்டாகும் அமிலங்களும் பழுப்புப் பொருள்களும் பெரும்பாலும் தண்ணீரில் கரைபவை. பாதி அழுக்கு துணியே உண்டாக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். அமிலம் காட்டும் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தால் 5 என்று காட்டியது. 7 வந்தால் அமிலம் இல்லை என்று கணக்கு. மூன்று முறை மாற்றிய பிறகு 6.5. நான்காவது தண்ணீரில்தான் காரமில்லாத திரவ சோப்பு, அதுவும் கொஞ்சமாக. பஞ்சால் ஒற்றி ஒற்றி, தேய்க்காமல். சாதாரண சோப்பைத் தவிர்த்ததற்கு மஞ்சள் கறையும் ஒரு காரணம். காரம் பட்டால் மஞ்சள் குங்குமமாகச் சிவக்கும், பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நின்றுவிடும்.

மஞ்சள் கறைக்கு மருந்து வெயில். கார்த்திகையில் கிடைத்த இரண்டு வெயில் நாட்களில், மற்ற இடத்தைக் கறுப்புத் துணியால் மூடி, அந்த உள்ளங்கை அளவை மட்டும் ஈரத்தோடு வெயில் காட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானம் மஞ்சள் காணாமல் போயிருந்தது. மெழுகைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, மீதியை மேலும் கீழும் தாள் வைத்து மிதச்சூட்டில் இஸ்திரி காட்டினால் தாள் உறிஞ்சிக்கொள்ளும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

துரு

இந்த வழக்கில் நான் அதிகம் தலையை உடைத்துக்கொண்டது துருவில்தான். டப்பா வட்டத்துக்குக் காரணம் தெரியும். அந்தக் குண்டூசித்தலைப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? இரும்புச் சாமான் எதுவும் துணி முழுக்கச் சீராகத் தெளித்த மாதிரி கறை போடாது.

எனக்குச் சந்தேகம் நீலத்தின் மேல். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது பழைய வழக்கம். லேசான நீலம் மஞ்சளை மறைத்து வெள்ளையாகக் காட்டும். ஒரு காலத்தில் விற்ற சில நீலங்கள் பிரஷ்யன் நீலம். அதற்குள்ளேயே இரும்பு இருக்கிறது. துணியில் சோப்பின் காரம் சரியாக அலசப்படாமல் மிச்சமிருந்தால், நீலம் சிதைந்து இரும்பு துருவாகத் துணியில் இறங்கிவிடும். வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று போட்டதே பழுப்புப் புள்ளியாகத் திரும்பி வரும்.

சித்தி ஒரு வைத்தியம் சொன்னார்: "புளிச்சக்காயை அறுத்துத் தேச்சா போவும்லா." அவர் சொன்னது பிலிம்பிக்காய். மலையாளத்தில் அதற்கு ஒரு பெயரே 'இரும்பன் புளி'. கேட்டு முடிக்கும்முன் தலையாட்டினேன். அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. அது இரும்பைக் கவ்விப் பிடித்துத் தண்ணீரில் கரைய வைக்கும். எலுமிச்சையும் உப்பும் செய்வது இதற்குத் தம்பி வேலை. ஆனால் காய்ச்சாற்றில் அமிலத்தோடு மற்ற பொருள்களும் இருக்கின்றன. அலசலில் தப்பி நின்றுவிட்டால் நாளைக்கு அதுவே பழுப்பாகும். அதனால் சுத்தமான ஆக்சாலிக் அமிலத்தை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தேன். கையுறை கட்டாயம். இது விஷம், சிறுநீரகத்தைத் தாக்கும். சமையல் பாத்திரத்தில் கலக்கவே கூடாது.

கறைக்கு அடியில் உறிஞ்சுதாள், மேலே சொட்டுக் குழாயால் ஒரு துளி, இரண்டு நிமிடம், பிறகு ஒற்றி எடுத்துத் தண்ணீர்த் துளி. ஒரு புள்ளிக்கு மூன்று நான்கு சுற்று. புள்ளிகள் போயின, அதனால் அவை இரும்புதான். அவை நீலத்தின் வேலை என்ற என் சந்தேகம் சந்தேகமாகவே இருக்கட்டும். வட்டம் முக்கால்வாசி போனது. ஓட்டைகளின் ஓரத்தில் நான் அமிலத்தை விடவேயில்லை, ஏற்கெனவே வெந்த நாரில் அதை ஊற்ற மனசு வரவில்லை. கடைசியில் துணி முழுவதையும் மறுபடி தொட்டியில் இறக்கி ஆறு முறை தண்ணீர் மாற்றினேன். அமிலம் துளி மிச்சமிருந்தாலும் வருடக்கணக்கில் நாரை அரித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது துணியின் நிறம், அப்போது கறந்த எருமைப்பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி. அக்கா வந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் வெள்ளை...?" ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் இன்னும் இரண்டு படி ஏறும். இரும்பை முன்னாலேயே எடுத்துவிட்டதால் ஆபத்தும் குறைவு. ஆனால் அந்த இரண்டு படிக்கு நாரின் ஆயுளில்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். மடிப்புக் கோடுகளைச் சன்னலுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் எப்படி ஊடுருவி வருகிறது என்று காட்டினேன். முடிவை அவரிடம் விட்டேன். சித்தியிடம் போனில் பேசிவிட்டு, "இருக்கட்டும்" என்றார். மனசில்லாமல்தான் சொன்னார், அதை மறைக்க வேண்டாம்.

ஒட்டும் ஊசியும்

ஓட்டைகளுக்கு அடியில் மெல்லிய மல் துணி வைத்து, ஓரத்தில் நைந்த நூல்களை அதன் மேல் படியவைத்துத் தைத்தேன். முன்னால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். தெரியட்டும்.

இயந்திர ரேந்தையைக் கழற்றி எறிந்துவிட்டு நானே பின்னி வைக்கலாம் என்று ஒரு ராத்திரி யோசித்தேன். சித்தியின் அம்மா கடையில் வாங்கி ஒட்டியதாம் அது. பின்னத் தெரிந்த பாட்டியின் கண் போன பிறகு, பின்னத் தெரியாத மகள் செய்த காரியம். அதை எறிய எனக்கு என்ன உரிமை? தையலை மட்டும் பிரித்து, சுருக்கத்துக்கு இடம் கொடுத்துத் தளர்வாகத் திரும்பத் தைத்தேன். கொசுவம் போய்விட்டது.

கை ரேந்தையில் 9 செ.மீ. முழுதாகவே காணவில்லை. மிச்சமிருந்த கோலத்தை டிரேசிங் தாளில் எடுத்து அட்டையில் குத்தி, 18 ஜோடிக் கட்டைகளைப் போட்டேன். எனக்கு ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் நகத்தளவு வரும், இலை வந்தால் அதுவும் வராது. பாட்டி சுற்றளவு ஆறு மீட்டருக்கு மேல் பின்னியிருக்கிறார், சிம்னி வெளிச்சத்தில், கூலிக்கு. என்னுடைய 9 செ.மீ. எட்டு நாள். அதில் இரண்டு இலை இன்னும் கோணல்.

அப்புறம் என் சறுக்கல். காயவைக்கும்போது ரேந்தையின் ஒவ்வொரு முனையையும் இழுத்து ஊசி குத்தி வடிவம் நிறுத்த வேண்டும். இதற்குத் துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் தனி டப்பியில் வைத்திருக்கிறேன், ஏறக்குறைய முந்நூறு. குத்தி முடித்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். ராத்திரி கரண்ட் போனது, மழை, காற்றில் ஈரம். சாதாரணமாக ஆறு மணி நேரத்தில் காய்வது மறுநாள் மாலைவரை ஈரமாகவே கிடந்தது. ஊசிகளை எடுத்தபோது ஒன்று மட்டும் கூடவே ஒரு பழுப்புப் புள்ளியை விட்டுவிட்டு வந்தது. டப்பியில் எப்படியோ ஒரு சாதா குண்டூசி கலந்திருக்கிறது. இரண்டு மாதம் துருவை விரட்டிவிட்டுக் கடைசி ராத்திரியில் நானே ஒரு புள்ளி வைத்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அமிலத் துளி ஒன்று விட்டால் போயிருக்கும். ஆனால் அது விழுந்த இடம் ரேந்தை. ஒரு துளிக்காக முழுத் துணியையும் திரும்பத் தொட்டியில் இறக்கி ஆறு தண்ணீர் மாற்ற வேண்டும். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, வானமும் மூடியிருந்தது. விட்டுவிட்டேன்.

கொடுத்தது

கஞ்சி போடவில்லை, நீலம் போடவில்லை. நான்கு அங்குல பி.வி.சி. குழாய்க்கு அலசிய மல் துணியைச் சுற்றி, விரிப்பை மடிக்காமல் அதில் உருட்டி, மேலே இன்னொரு மல் துணி. தேக்குப் பெட்டியில் வைக்கலாமா என்று அக்கா கேட்டார். மரம் தேக்கேயானாலும் அதிலிருந்து அமில ஆவி வரும், நேரடியாகத் துணி மரத்தில் படக்கூடாது என்றேன். பீரோவின் மேல்தட்டு போதும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, காற்றாட விட்டுத் திரும்ப உருட்ட வேண்டும். அந்த பிஸ்கட் டப்பாவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், பாபின் கட்டைகளைப் போட்டு வைக்க.

கல்யாணத்தன்று கேக் மேசையில் விரிப்பு கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பால்நிறம் யாருக்கும் பழுப்பாகத் தெரிந்திருக்காது. மெழுகுவர்த்தி வைக்க வந்த பையனைச் சித்தி கையாலேயே தடுத்துவிட்டதாகக் கேள்வி. அன்றைக்கு நான் போயிருந்தபோது சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், மூன்றாம் மூலையில் ஆறாவது இலையை விரலால் தேடித் தொட்டு, "பிரிச்சுச் சரியாக்கிருப்பியோன்னு பயந்தேன்" என்றார். என்னுடைய துருப்புள்ளி அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.